வீடு கட்டுவோர் சாமான்களைத் தாமே வாங்கலாமா?



கிள்ளான், மேரு, காப்பார் வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் சில, வீடமைப்பு நிறுவனம் கட்டி விற்கும் வீட்டை நாடாமல், சிறியதொரு மனையை வாங்கித் தாமே வீடு எழுப்ப முற்படுகின்றன. மேருவை அடுத்திருந்த நார்த் ஹம்மோக் தோட்டத்து நிலத்தில் இன்று செத்தியா ஆலம் நகரம் நிற்கிறது. அதைப் போன்ற தோட்டங்களில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறார்கள். பெற்றோரின் இ.பி.எப். சேமிப்பும், பிள்ளைகளின் சம்பளமும், வங்கிக் கடனும் ஒன்று சேர்ந்தால்தான் அந்த வீடு எழும். இத்தகைய பணம் ஒரு குடும்பத்தின் கைக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் வந்து சேரும்.

இவர்களிடம் குத்தகையாளர் ஒருவர் வந்து இப்படிச் சொல்வதுண்டு: “சாமான் விலை நிலையாக இல்லை. மொத்தமாக ஒரு விலை சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகிற செலவை நீங்கள் கொடுங்கள். அதற்கு மேல் நூற்றுக்குப் பத்து எனக்கு. வேண்டுமானால் சாமான்களை நீங்களே கடையில் வாங்கிப் போடுங்கள், இன்னும் மிச்சமாகும்.” கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பல சமயங்களில் அது நியாயமும்கூட. ஆயினும், சாமானை வாங்குகிறவர் அதனுடன் சேர்த்து வேறொன்றையும் வாங்கிக்கொள்கிறார். அது என்னவென்று இன்றைய பேச்சில் பார்ப்போம்.

முதலில் ஒப்பந்த வகைகள். வீடு கட்டும் வேலையை மூன்று விதமாகக் கொடுக்கலாம். ஒன்று, மொத்தக் குத்தகை. வரைபடத்தைப் பார்த்து, சாமானும் கூலியும் சேர்த்து ஒரே தொகை பேசப்படும். இரண்டாவது, சாமான் முழுவதும் வீட்டுக்காரருடையது. கூலி மட்டும் குத்தகை. இதை இங்கே ‘ஊப்பா’ என்கிறோம். தமிழ்நாட்டில் ‘லேபர் காண்டிராக்ட்’ என்பார்கள். மூன்றாவதுதான் ‘கோஸ்ட் பிளஸ்’ எனப்படும் முறை. உண்மையில் ஆன செலவைக் கணக்குக் காட்டி வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் தம் உழைப்புக்கும் மேற்பார்வைக்கும் ஓர் ஊதியத்தைக் குத்தகையாளர் பெறுகிறார்.

மொத்தக் குத்தகையில் விலையேற்றத்தின் சுமை குத்தகையாளர் தலையில். கோஸ்ட் பிளஸ் முறையில் அது நம் தலையில். நம் நாட்டில் முன்பு சிமெண்டுக்கும் இரும்புக் கம்பிக்கும் அரசாங்கம் உச்சவிலை விதித்திருந்தது. 2008ஆம் ஆண்டு மே மாதம் இரும்புக்கும், ஜூன் மாதம் சிமெண்டுக்கும் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஆகவே தீபாவளிக்கு விசாரித்த விலை தைப்பூசத்துக்கு நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. குத்தகையாளர் மொத்த விலை சொல்லத் தயங்குவதற்கு இது உண்மையான காரணமே. அவரை உடனே ஏமாற்றுக்காரர் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆனால் ‘நூற்றுக்குப் பத்து’ என்பதில் ஒரு கோளாறு இருக்கிறது. செலவு 2 லட்சம் வெள்ளி ஆனால் அவருக்கு 20,000 கிடைக்கும். அதே வீட்டுக்குச் செலவு 2 லட்சத்து 40 ஆயிரம் ஆகிவிட்டால் அவருக்கு 24,000 கிடைக்கும். வீணடிப்பவருக்கு வெகுமதியும் சிக்கனமாக இருப்பவருக்குத் தண்டனையும் அல்லவா இது! அமெரிக்க அரசாங்கம் முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தச் சதவீத முறையில் வேலை கொடுத்துப் பட்டபின், 1941ஆம் ஆண்டுப் போர்க்கால அதிகாரச் சட்டத்தில், செலவின் மீது சதவீதம் கணக்கிடும் ஒப்பந்தத்தையே தடை செய்தது. இன்றும் அந்நாட்டு அரசாங்கக் கொள்முதல் சட்டத்தில் அத்தடை இருக்கிறது. செலவோடு ஓர் ஊதியம் தருவது அங்கே தடுக்கப்படவில்லை. செலவு ஏற ஏற ஊதியமும் ஏறுவதுதான் தடுக்கப்பட்டது. ஒரு பேரரசாங்கத்துக்கே தாங்காத ஒன்றை, ஓய்வு பெற்ற ஒரு மண்டோர் ஏன் தாங்க வேண்டும்? ஊதியத்தை முன்னதாகவே ஒரு நிலையான தொகையாகப் பேசி எழுதிக்கொள்ள வேண்டும். 15,000 என்றால் 15,000. வீட்டின் அளவையோ வரைபடத்தையோ நாம் மாற்றினாலொழிய அத்தொகை மாறக்கூடாது.

இப்போது சாமான்களை நாமே வாங்கும் விஷயத்துக்கு வருவோம். கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். வீட்டின் செலவு 2 லட்சம். அதில் சாமான் 1,20,000, கூலியும் மற்றவையும் 80,000. எல்லாமே குத்தகையாளர் வழியாகப் போனால், நூற்றுக்குப் பத்து வீதம் அவருக்கு 20,000. சாமானை நாம் வாங்கினால் 80,000க்கு மட்டுமே பத்து வீதம், அதாவது 8,000. ஆக 12,000 மிச்சம் என்று மனம் துள்ளுகிறது. பொறுங்கள். சாமான் தம்முடையதல்ல என்றானதும் வேலையாள்களின் கை கொஞ்சம் தாராளமாகிவிடும். பாதி மூட்டை சிமெண்டு மழையில் நனையும். வெட்டிய கம்பியின் மீதித் துண்டுகள் மண்ணில் புதையும். 1,20,000க்கு நூற்றுக்கு ஐந்து வீணானால் 6,000. அடுத்து, நாம் சொன்ன மணல் லோரி சொன்ன நாளில் வரவில்லை. நான்கு ஆள்கள் ஆறு நாள் சும்மா இருக்கிறார்கள். நாளுக்கு 120 வெள்ளி வீதம் 2,880. கோஸ்ட் பிளஸ் முறையில் அந்தக் கூலியும் ‘ஆன செலவு’தான். கழித்துப் பார்த்தால் மிச்சம் 3,120 வெள்ளி. அந்த 3,120க்காக நாம் எத்தனை நாள் விடுப்பு எடுத்தோம், கிள்ளானுக்கும் மேருவுக்கும் எத்தனை முறை அலைந்தோம் என்பது தனிக் கணக்கு.

கடை விலையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஹார்ட்வேர் கடைக்காரருக்குக் குத்தகையாளர் நெடுநாள் வாடிக்கையாளர். அவருக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் கடனும் தருவார். விலையில் கழிவும் தருவார். ஒரே ஒரு வீடு கட்டப் போகிற நமக்கு ரொக்க விலைதான். ஆகையால் நாம் நேராகப் போனால் மலிவு என்பது எப்போதும் உண்மையன்று. சில கடைகளில் குத்தகையாளர் நம்மை அழைத்துச் சென்று அறிமுகப்படுத்துவார். நாம் பணம் கட்டியபின் கடைக்காரர் அவருக்கு ஒரு கழிவைத் தனியே கொடுப்பார். இதற்குப் பரிகாரம் எளிது: கடை தரும் எந்தக் கழிவும் வீட்டுக்காரரையே சேரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட வேண்டும். விலை நிலவரத்தை அறிய நாம் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. சிஐடிபி எனப்படும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம் கட்டுமானப் பொருள்களின் விலைகளை வெளியிட்டு வருகிறது. வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியிலேயே எடுத்துக் காட்டிவிடுவார்கள்.

பணத்தைவிடப் பெரிய விஷயம் பொறுப்பு. சாமானோடு சேர்த்து வேறொன்றையும் வாங்குகிறோம் என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இதை விளக்க இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு உதவும். வீடமைப்பு நிறுவனம் ஒன்று, தான் கட்டும் வீடுகளுக்கு ‘சாமர்செட் 13’ என்ற வகைக் கூரை ஓட்டைத்தான் போட வேண்டும் என்று கூரைக் குத்தகையாளரிடம் சொல்லிவிட்டது. அந்த ஓட்டைச் செய்பவர் ஒரே ஒருவர்தான். கூரைக்காரர் அவரிடம் வாங்கி ஒழுங்காக வேய்ந்தார். வேலையில் குறையில்லை. ஆனால் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத உற்பத்திக் குறை இருந்ததால், நெடுநாள் ஆகுமுன்பே ஓடுகள் சிதையத் தொடங்கின. “அந்த ஓட்டைக் கேட்டவர்கள் நீங்கள்தாமே, நான் என்ன செய்வேன்?” என்றார் கூரைக்காரர். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1968ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது: ஓட்டைத் தேர்ந்தெடுத்தவர் யாராயினும், அதை வாங்கிக் கொண்டுவந்து போட்டவர் கூரைக்காரர், ஆகவே பொருளின் தரத்துக்கு அவரே பொறுப்பு, அவர் தமக்கு விற்றவரிடம் ஈடு கேட்டுக்கொள்ளலாம். சங்கிலி போல ஒருவர் பின் ஒருவராகப் பொறுப்பு கடைசியில் ஓடு செய்தவரிடம் போய்ச் சேரும் என்பதே அதன் கருத்து. நம் நாட்டு நீதிமன்றங்களிலும் இத்தகைய தீர்ப்புகளை வழிகாட்டியாக எடுத்துப் பார்ப்பதுண்டு.

இப்போது இதைத் திருப்பிப் பாருங்கள். அந்த ஓட்டை வீட்டுக்காரரே கடையில் வாங்கி லோரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கியிருந்தால்? சங்கிலியில் குத்தகையாளர் என்ற கண்ணியே இல்லை. ஓடு உதிர்ந்தால், “அது உங்கள் ஓடு” என்று அவர் சொல்லிவிடலாம். பழைய ஓட்டைக் கழற்றுவதற்கும் புதியதை வேய்வதற்கும் மறுபடி கூலி கேட்கலாம், கேட்பதும் முறைதான். குத்தகையாளருக்கு நாம் கொடுக்க மறுத்த அந்தப் பத்து வீதத்தில் ஒரு பகுதி, இந்தப் பொறுப்பை அவர் சுமப்பதற்கான விலையாக இருந்தது.

இதனால் நாம் வாங்கவே கூடாது என்று பொருளல்ல. நாம் நேரே வாங்கினால் கடைக்காரர் மீது நமக்கு நேரடி உரிமை கிடைக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் நம் பக்கம் நிற்கின்றன. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை, வழக்கறிஞர் இல்லாமல், 5 வெள்ளி கட்டணத்தில் நாமே பதிவு செய்யலாம். ஆனால் இதற்கெல்லாம் அச்சாணி ரசீது. அது நம் பெயரில் இருக்க வேண்டும்.

தோட்டப் பள்ளியில் நாம் பணிபுரிவதால், பெற்றோர் சிலர் ரசீதுக் கட்டுடன் வந்து “வாத்தியாரே, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்பதுண்டு. அப்படி ஒரு முறை வந்த கட்டில் 40க்கு மேற்பட்ட ரசீதுகள். பணம் முழுவதும் அந்தக் குடும்பத்தின் பணம். வங்கியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தவர் அந்த அம்மாள். ஆனால் எல்லா ரசீதும் குத்தகையாளரின் கம்பெனி பெயரில்! குளியலறையில் பதித்த டைல்ஸ் வெடித்தபோது கடைக்காரர், “உங்களுக்கு நாங்கள் விற்கவில்லையே” என்றார். குத்தகையாளரோ, “பணம் கட்டியது நீங்கள், தேர்ந்தெடுத்ததும் நீங்கள்” என்றார். இருவர் சொன்னதும் பாதி உண்மை. அந்த இரண்டு பாதிகளுக்கு நடுவே அந்த அம்மாளின் பணம் விழுந்துவிட்டது.

சொந்த மனையில் வீடு கட்டுவோருக்கு வேறு சில பாதுகாப்புகள் கிடையா என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வீடமைப்பு நிறுவனத்திடம் தரைவீடு வாங்கினால், 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஒப்பந்தப்படி, 24 மாதங்களுக்குள் தோன்றும் குறைகளை அந்நிறுவனம் தன் செலவில் சரி செய்ய வேண்டும். நாமே கட்டினால் அந்த 24 மாதம் தானாக வராது. ஒப்பந்தத்தில் நாம் எழுதினால்தான் உண்டு. கட்டுமானப் பணப் பிணக்குகளை விரைந்து தீர்க்க 2012இல் இயற்றப்பட்டு 2014 ஏப்ரலில் நடப்புக்கு வந்த சட்டமும், தனி மனிதர் தாம் குடியிருப்பதற்காகக் கட்டும் நான்கு மாடிக்குக் குறைந்த வீட்டுக்குப் பொருந்தாது. ஆக, நமக்கும் குத்தகையாளருக்கும் இடையே இருப்பது நாம் கையெழுத்திட்ட தாள் ஒன்றுதான்.

இனி, வாங்கும் சாமான்களை எப்படிப் பார்த்து வாங்குவது என்று காண்போம். கல்யாணத்துக்கு அரிசி பருப்பு வாங்குவதில் நம்மவர்கள் காட்டும் கூர்மையில் பாதியை இங்கே காட்டினாலே போதும்.

முதலில் இரும்புக் கம்பி. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு நிறுவை புதிதல்ல. பால் நிறுக்கும்போது கிராணி சொல்லும் எண்ணைக் கேட்பதோடு நில்லாமல் தராசு முள்ளையும் எட்டிப் பார்த்த தலைமுறை அது. கம்பிக்கும் அதே பார்வை வேண்டும். கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால், ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 12 பெருக்கல் 12, 144. அதை 162ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.89 கிலோ. கம்பி 12 மீட்டர் நீளத்தில் வருகிறது. ஆகவே ஒரு கம்பி 10.7 கிலோ அளவில் இருக்க வேண்டும். ஒரு டன்னுக்கு 94 கம்பி வரும். ‘12’ என்று விற்கப்படும் கம்பி உண்மையில் 11 மில்லிமீட்டராக இருந்தால், ஒரு கம்பி 9 கிலோதான். ஒரு டன்னுக்கு 111 கம்பி வரும். டன் கணக்கில் வாங்கினால், “அதிகக் கம்பி கிடைத்ததே” என்று மகிழ்ந்து போவோம்! ஆனால் ஒவ்வொரு கம்பியும் தாங்க வேண்டிய பாரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் தாங்கும். சிறு ஏற்றத்தாழ்வைத் தரநிலை அனுமதிக்கிறது; 9 கிலோ என்பது சிறு ஏற்றத்தாழ்வு அன்று. கட்டிலிருந்து இரண்டு மூன்று கம்பிகளை உருவி நிறுத்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கம்பி, சிமெண்டு, ஓடு, டைல்ஸ் போன்ற பொருள்களுக்குச் சிஐடிபியின் தரச் சான்று சட்டப்படி வேண்டும். கடைக்காரரிடம் அதன் நகலைக் கேட்டு வாங்கலாம்.

மணலில் நடப்பது வேறு வகை. ஈர மணல் உப்பிக்கொள்ளும். மணல் துகள்களைச் சுற்றி நீர் படலம் போல் ஒட்டி அவற்றைத் தள்ளி நிறுத்துவதே காரணம். லேசாக நனைந்த மணல், உலர்ந்த மணலைவிட நூற்றுக்கு 25 பங்குகூட அதிக இடத்தை அடைக்கும். அதாவது, ஐந்து லோரி என்று நாம் பணம் கொடுப்பதில் உண்மையான மணல் நான்கு லோரியாக இருக்கலாம். இதில் கடைக்காரரின் குற்றம் ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். மழை பெய்த மறுநாள் மணல் அப்படித்தான். பால் டின் ஒன்றில் மணலைத் தளர்வாக நிரப்பி, உயரத்தைக் குறித்துக்கொண்டு, நிறையத் தண்ணீர் ஊற்றிக் கிளறிவிட்டால் மணல் கீழே இறங்கும். இறங்கிய அளவுதான் உப்பல். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை வகுப்பிலேயே செய்து காட்டலாம். கண்ணாடிப் போத்தலில் மணலும் நீரும் கலந்து குலுக்கி ஓரிரு மணி நேரம் வைத்தால், மேலே வண்டல் தனிப் படலமாகப் படியும். அந்தப் படலம், மணல் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த மணல் கான்கிரீட்டுக்கு உதவாது. கடற்கரைக்கு அருகில் உள்ள நம் வட்டாரத்தில் உப்பு மணல் பற்றியும் விழிப்பாக இருக்க வேண்டும். உப்பு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைத்துச் சில ஆண்டுகளில் கூரைத் தளத்தைப் பிளந்துவிடும்.

சிமெண்டில் பொதுவாக எடை மோசடி குறைவு. 50 கிலோ மூட்டை மூட்டையாக எண்ணி வாங்கலாம். அங்கே எதிரி காலமும் ஈரமும். மூன்று மாதம் வைத்திருந்த சிமெண்டு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழந்துவிடும் என்பது கட்டடக் கலை நூல்களின் பொதுக் கணக்கு. விலை ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு 200 மூட்டையை முன்கூட்டியே வாங்கி அடுக்குகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். மரப் பலகையின் மேல், சுவரை ஒட்டாமல், பத்து மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்க வேண்டும். எவ்வளவு தேவை என்பதையும் ஏறத்தாழக் கணக்கிடலாம். ஒரு பங்கு சிமெண்டு, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லிக்கல் என்ற கலவையில் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு ஆறரை மூட்டை செல்லும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 125 மில்லிமீட்டர் கனமுள்ள தளம் இரண்டரை கன மீட்டர். அதற்கு 16 அல்லது 17 மூட்டை. குத்தகையாளர் 30 மூட்டை கேட்டால், “எப்படி?” என்று கேட்க நமக்கு ஓர் எண் கையில் இருக்கிறது.

செங்கல்லுக்குக் கணக்கு இன்னும் எளிது. அரைக்கல் கனச் சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு 60 கல். 4 மீட்டர் நீளம் 3 மீட்டர் உயரச் சுவரில் ஒரு கதவைக் கழித்தால் ஏறக்குறைய 10 சதுர மீட்டர்; 600 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 630, 640. கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்த நகரை மரத்துக்கும் அத்தாப்புக்கும் பதிலாகச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டச் சொன்ன காலத்து வரலாறு அது. அன்று சூளைக்கே போய்க் கல்லைத் தட்டி ஓசை கேட்டு வாங்கியிருப்பார்கள். இன்றும் அந்தச் சோதனை பொய்க்காது. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் வேக்காடு போதவில்லை.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு தனிச் செலவும் உண்டு. கிள்ளான் கடலோரச் சமவெளியின் பல இடங்களில் அடியில் இருப்பது மென்மையான களிமண். அதனால் சிறிய வீட்டுக்கும் பாக்காவ் கட்டையோ கான்கிரீட் தூணோ அடிக்க நேரிடும். எத்தனை அடி ஆழம் போகும் என்பது அடித்துப் பார்த்தபின்தான் தெரியும். இந்த வேலையில் வீட்டுக்காரர் சாமான் வாங்கித் தருகிறேன் என்று நுழையவே வேண்டாம் என்பது நம் உறுதியான கருத்து. அதற்குக் காரணம் சொல்கிறோம்.

2007 ஏப்ரல் முதல், குடிபுகும் சான்றிதழை நகராண்மைக் கழகம் கொடுப்பதில்லை. வரைபடத்தைச் சமர்ப்பித்த கட்டடக் கலைஞரோ பொறியியலாளரோதான் கொடுக்கிறார். அதற்கு முன்பு, நிலம் திருத்துதல், அடித்தளம், கட்டமைப்பு, குழாய், மின்சாரம் என்று 21 படிவங்கள் பூர்த்தியாக வேண்டும். வேலை செய்த குத்தகையாளரும் மேற்பார்த்த நிபுணரும் அந்தந்தப் படிவத்தில் கையெழுத்திடுகிறார்கள். நாம் வாங்கிப் போட்ட கம்பியையும் தூணையும் வைத்துக் கட்டிய அடித்தளத்துக்கு, “இது சரி” என்று குத்தகையாளர் கையெழுத்திடத் தயங்கினால் வீடு நின்றும் குடிபுக முடியாது. மேரு இன்று கிள்ளான் அரச மாநகராண்மைக் கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் நகராண்மைக் கழகம் மாநகரமாக உயர்ந்தது. பெயர் மாறினாலும் விதி மாறவில்லை.

ஆகவே பிரித்துக்கொள்வது நல்லது. தூண், கம்பி, கான்கிரீட், கூரைச் சட்டம் ஆகியவை குத்தகையாளர் வாங்கட்டும். செலவுச் சீட்டையும் தரச் சான்றையும் நாம் பார்த்துப் பணம் கொடுப்போம். தரை டைல்ஸ், குளியலறைச் சாமான், கதவு, விளக்கு, சாயம் ஆகியவற்றை நாம் வாங்கலாம். அவை நம் விருப்பத்தைப் பொறுத்தவை, விலையில் ஏற்ற இறக்கம் மிகுந்தவை, கெட்டுப்போனாலும் வீடு இடியாது. செங்கல்லும் மணலும் நடுவில் நிற்பவை. வேலையிடத்துக்குப் பக்கத்தில் குடியிருந்து, லோரி வரும்போது எண்ணிப் பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.

நாம் வாங்கும் சாமான்களுக்கு ஒரு வழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்த வேண்டும். சாமான் வந்து இறங்கும்போது குத்தகையாளரோ அவருடைய மேஸ்திரியோ பார்த்து, கடைக்காரரின் டி.ஓ. சீட்டில் கையெழுத்திட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற குறை இருந்தால் அப்போதே மறுத்து எழுத வேண்டும். கையெழுத்திட்டபின் அதைப் பாதுகாப்பதும், ஒழுங்காகப் பொருத்துவதும், தொலைந்தால் ஈடு செய்வதும் அவர் பொறுப்பு. கண்ணுக்குத் தெரியாத உற்பத்திக் குறை மட்டும் நமக்கும் கடைக்காரருக்கும் இடையிலானது. எந்தச் சாமான் எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று இரண்டு வாரத்துக்கு முன் எழுத்தில் கேட்பது குத்தகையாளர் கடமை. கேட்ட தேதிக்குக் கொண்டுவருவது நம் கடமை. அப்படி எழுதி வைத்தால், ஆள்கள் சும்மா இருந்த நாளுக்கு யார் கூலி கொடுப்பது என்ற சண்டைக்கு இடமில்லை. வீணாவதற்கும் ஒரு வரம்பு வைக்கலாம்: செங்கல்லிலும் டைல்ஸிலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வீணானால் அதன் விலை அவருடைய ஊதியத்தில் கழியும். நல்ல குத்தகையாளர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். ஏனெனில் இதே எழுத்து அவரையும் காப்பாற்றுகிறது. வீட்டுக்காரர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி வந்த மட்டமான சாமானுக்கு அவர் பழி சுமக்க வேண்டியதில்லை. குத்தகையாளர் எடுக்கும் காப்புறுதியில் நம் சாமான்களும் சேர்ந்திருக்கின்றனவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கணக்கு முடிக்கும் நாள். ஊதியத்திலும் கூலியிலும் நூற்றுக்கு ஐந்து வீதம் பிடித்து வைத்து, குறைகள் சரி செய்யப்பட்டு ஒப்புக்கொண்ட காலம் முடிந்தபின் கொடுப்பது வழக்கம். அதோடு, மிஞ்சிய சாமானையும் எண்ண வேண்டும். நம் பணத்தில் வாங்கிய மிச்சச் சிமெண்டும் கம்பியும் நம்முடையவை. குத்தகையாளர் அடுத்த வேலைக்குக் கொண்டுபோக விரும்பினால் விலை பேசிக் கழித்துக்கொள்ளலாம். தரை டைல்ஸிலும் கூரை ஓட்டிலும் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு சூளைச் சுற்றுக்கும் நிறம் சற்று மாறும். நான்கு ஆண்டு கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. இருபது ஓட்டையும் இரண்டு பெட்டி டைல்ஸையும் பெட்டி மேலிருக்கும் எண்ணோடு வீட்டின் பின்புறத்தில் அடுக்கி வைத்துவிடுங்கள்.